க்ளோவர் வயலில் கிடந்த சோளம்

லியோனா கட்பர்த் இரும்புக் கேட்டை எட்டி உதைத்தாள். கேட் அசையவில்லை. அவளுடைய இடது தோள்தான் அசைந்து வலித்தது. இடது கையை மார்போடு சேர்த்துக் கட்டியிருந்த துணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

"என் வயலுக்குள்ள நான் போகக் கூடாதாம். நான் விதைச்ச வயல். நான் கல் பொறுக்கின வயல்."

"குற்றம் சாட்டப்பட்டவங்க உள்ள போக முடியாது, லியோனா. நாளைக்குக் காலைல விசாரணை முடியட்டும்," என்றான் ஓவர்பி. அந்த வட்டாரத்தின் வனவிலங்கு அதிகாரி. பச்சைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் நின்றான்.

"விசாரணை முடிஞ்சா என் வேட்டை வழிகாட்டி லைசென்ஸும் முடிஞ்சிடும். அப்புறம் நான் இங்க வந்து எதைப் பார்க்கறது? மேகத்தையா?"

நெட்டா குவார்ல்ஸ் கேட்டின் கொக்கியைக் கழற்றினாள்.

"மேடம், வயலைச் சுத்திக் கட்டின நாடாவை நீங்களும் தாண்டக் கூடாது. தாண்டினா எனக்குக் கோபம் வரும்," என்றான் ஓவர்பி.

"எனக்குக் காலைலயே வந்தாச்சு. வழி விடு."

ஓவர்பி வழி விட்டான். அவனுக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்தவளே நெட்டாதான். அதே பச்சைச் சட்டையைப் பாதியில் கழற்றிப் போட்டுவிட்டு, தூண்டில் சாமான் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். ஓசார்க் மலைப்பக்கம் வேட்டை வழக்கில் சிக்கியவர்கள் வக்கீலைத் தேடுவதற்கு முன்னால் அவளைத் தேடினார்கள்.

கேட்டுக்கு வெளியே நின்ற லாரியிலிருந்து லியோனாவின் தம்பி வெர்ன் இறங்கி வந்தான். கையில் பிளாஸ்க், காகிதத்தில் சுற்றிய பிஸ்கட்டுகள்.

"அக்கா, காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல நீ. இந்தா." அவளுக்குப் பிஸ்கட்டைப் பிய்த்துக் கையில் வைத்துவிட்டு நெட்டாவின் பக்கம் திரும்பினான். "மேடம், இதுல துப்பறிய என்ன இருக்கு? பக்கத்து லாட்ஜ்காரன் ஹாத்தவேதான். இந்த நிலத்து மேல அவனுக்கு எத்தனை நாளாக் கண்ணு. என்னை மட்டும் விட்டா அவன் பல்லைக் கழட்டி அவன் பாக்கெட்லயே போடுவேன்."

"நீங்க கடைசியா இந்த வயலுக்கு எப்ப வந்தீங்க?" என்று கேட்டாள் நெட்டா.

"நானா? பிப்ரவரில பனி மேல க்ளோவர் விதை தூவினதோட சரி. எங்க அப்பா காலத்துலேர்ந்தே வழக்கம். சீசன் தொடங்கற வரைக்கும் யாரும் உள்ள கால் வெக்க மாட்டோம். வான்கோழி மிரண்டுடும். அக்கா மட்டும் நடுவுல ஒரு தடவை போவா."

"அதுவும் மார்ச் தொடக்கத்துல," என்றாள் லியோனா, வாயில் பிஸ்கட்டோடு. "போயிட்டு வந்த மறுநாள்தான் டிராக்டர் என்னைத் தூக்கிப் போட்டுச்சு."

"கேமரா ஏதாவது?"

"மரத்துக்கு மரம் கேமரா மாட்டினா அது வேட்டை இல்ல, சினிமா."

நெட்டாவின் உதவியாளன் ஆர்லிஸ் அதுவரை பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். முன்னாளில் மான் கறி வெட்டிக் கொடுக்கும் கடை வைத்திருந்தவன். எந்தப் பிணத்தைப் பார்த்தாலும் எத்தனை துண்டு தேறும் என்று கணக்குப் போடுவான்.

"வா," என்றாள் நெட்டா.

"நாடாவுக்கு மேலயா கீழயா பாஸ்?"

"வாயை மூடிக்கிட்டு எப்படி வேணும்னாலும் வா."

"அப்போ கீழ. மேல போனா பேன்ட் கிழியும்."

* * *

மண் பாதை ஓக் மரங்களுக்கிடையே வளைந்து ஏறி, மேட்டைத் தாண்டியதும் வயலில் முடிந்தது. காட்டுக்கு நடுவில் வெட்டி எடுத்த பச்சைப் பாய் போல, மானுக்கும் வான்கோழிக்கும் தீவனமாக விதைத்த க்ளோவர் புல். கணுக்கால் உயரத்துக்கு மேல் எங்கும் வளரவில்லை. மூன்று மூன்று இலையாக வந்ததையெல்லாம் மான்கள் வந்த வேகத்தில் மேய்ந்திருந்தன. நடுவில் இடுப்புயரத்துக்கு ஒரு வட்டமான கம்பிக் கூண்டு. அதற்குள் எந்த மிருகமும் இல்லை. புல் மட்டும்தான்.

ஓவர்பி பின்னாலேயே வந்து ஒப்பிப்பது போலச் சொன்னான். "வான்கோழி சீசனோட முதல் நாள் விடியல்ல போன் வந்துச்சு. லியோனா சோளம் போட்டு வான்கோழியைப் பழக்கியிருக்காங்க, அதுவும் வாரக் கணக்கா நடக்குதுன்னு. வந்து பார்த்தேன். அந்த ஓக் மரத்தடியில லியோனாவும், அவங்க வேட்டைக்குக் கூட்டிட்டு வந்த பல் டாக்டரும் துப்பாக்கியோட உட்கார்ந்திருந்தாங்க. வயல் பூரா சோளம். இருட்டுல வந்து உட்கார்ந்தோம், க்ளோவருக்கு அடியில கிடந்தது தெரியலன்னு சொல்றாங்க. எல்லாரும் அப்படித்தானே சொல்லுவாங்க."

"விதைச்சு வளர்த்தா விருந்து. அதையே வாளில அள்ளி இறைச்சா குற்றம்," என்றான் ஆர்லிஸ். "மானுக்கு இந்தச் சட்டத்தை யாராவது படிச்சுக் காட்டினீங்களா சார்?"

"உழைச்சு வயல் வளர்க்கறது வேற, சீசன்ல இரை போட்டுட்டு ஒளிஞ்சு உட்கார்ந்து சுடறது வேற," என்றான் ஓவர்பி விறைப்பாக.

"அது சரியான சட்டம்தான்," என்றாள் நெட்டா. "நானே அதுல எத்தனை பேரைப் பிடிச்சிருக்கேன். லியோனாவோட அப்பாவைக்கூட. அதனாலதான் எனக்கு எரியுது. எவனோ அந்தச் சட்டத்தையே பொறியா மடக்கி வெச்சிருக்கான். நீ அதுல முதல்ல கால் வெச்சவன்."

ஓவர்பியின் காது சிவந்தது.

"நீ இங்க எதையெல்லாம் தொட்டே?"

"கொஞ்சம் சோளம் சாட்சிக்கு எடுத்தேன். வேற எதையும் தொடல. நாடா கட்டினேன். நாள் முழுக்க ஆள் போட்டிருக்கேன்."

நெட்டா குனிந்து நடந்தாள். வெளியே அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மஞ்சள் மணிகள் மிஞ்சியிருந்தன. நாடா கட்டினால் மனிதன் நிற்பான். இரவில் வரும் மானுக்கு நாடா என்றால் என்ன தெரியும். கூண்டை நெருங்கியவள் நின்றாள். கம்பிக்குள்தான் சோளம் நிறையக் கிடந்தது. மானின் வாயும் வான்கோழியின் அலகும் எட்டாத இடம்.

கூண்டுக்குள்ளிருந்த க்ளோவரைப் பார்த்தாள். பிறகு வெளியே இருப்பதைப் பார்த்தாள். மறுபடி உள்ளே பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ இறுகியது.

நான்கைந்து எட்டு தள்ளி, மேய்ந்த வயலுக்கு நடுவே, ஒரு பச்சைக் குவியல் தனியாக நின்றது. முழங்காலுக்குச் சற்றுக் கீழ் வரை வளர்ந்து கொழுத்த க்ளோவர். தட்டு வைத்து வரைந்தது போல வட்டம். ஒரு பக்கத்தில் மட்டும் நுனிகள் புதிதாகக் கடிபட்டிருந்தன.

நெட்டா மண்டியிட்டு அந்தக் குவியலைக் கையால் விலக்கி வேர் வரை துழாவினாள். மண், மண்புழு, போன வருடத்து ஓக் இலை. ஒரு சோள முளை கூட இல்லை.

"ஆர்லிஸ், அந்தக் கூண்டைத் தூக்கு. ஒரு கையால."

"நான் என்ன சர்க்கஸ்லேர்ந்தா வந்தேன்?"

"தூக்குடா."

கான்கிரீட் தளத்துக்குப் போடும் தடித்த கம்பிவலையை வளைத்துக் கட்டிய கூண்டு அது. ஆர்லிஸ் ஒரு கையால் பிடித்து இழுத்தான். ஒரு பக்கம் எழும்பியது, மறுபக்கம் மண்ணில் குத்திக்கொண்டது. இன்னொரு பக்கம் பிடித்துப் பார்த்தான். கூண்டு சாய்ந்து அவன் முட்டியைப் பதம் பார்த்தது. மானின் சொந்தக்காரர்களையெல்லாம் இழுத்து ஒரு வசவு விட்டான்.

"போதும். இப்ப ரெண்டு கையாலயும்."

இரண்டு கையால் தூக்கினான். கூண்டின் அடிக்கம்பி இருந்த இடத்தில் ஈர மண்ணில் ஒரு வளையத் தடம். அந்தத் தடத்துக்குள் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என மண்ணோடு அழுந்திச் சப்பையாகிக் கிடந்தன சோள மணிகள்.

"ஓவர்பி, இங்க வந்து இதைப் பாரு. உன் கண்ணால பாரு. படம் எடு."

ஓவர்பி குனிந்து பார்த்தான். செல்போனை எடுத்துப் படம் பிடித்தான். "கம்பிக்கு அடியில சோளம். சரி. அதுக்கென்ன?"

"அதுக்கென்னன்னு யோசிச்சுட்டு சாயங்காலம் போன் பக்கத்துலயே இரு." நெட்டா எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினாள். தட்டிய வேகத்தில் அவளுக்கே வலித்திருக்கும். "ஆர்லிஸ், எடுத்த இடத்துலயே வை. லாட்ஜுக்குப் போறோம்."

* * *

ஹாத்தவேயின் லாட்ஜில் சுவர் தெரியாத அளவுக்குக் கொம்புகள். ஹாத்தவே செயின்ட் லூயிஸில் கட்டடம் கட்டிச் சம்பாதித்தவர். இங்கே வந்து மலையை வாங்கிக்கொண்டிருந்தார். முதல் பார்வையிலேயே நெட்டாவுக்கு அவரைப் பிடிக்கவில்லை. இரண்டாவது பார்வையில் இன்னும் பிடிக்கவில்லை.

"ஆமா, அதிகாரிக்கு போன் பண்ணினது நான்தான்," என்றார் தயங்காமல். "நாளைக்கும் பண்ணுவேன். திருட்டு வேட்டை நடந்தா சொல்றது குடிமகன் கடமை."

"வாரக் கணக்கா சோளம் போடறாங்கன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"ஒரு நல்ல மனுஷன். பேர் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"அந்த நிலத்தை விலைக்குக் கேட்டீங்க."

"கேட்டேன். அந்தம்மா கதவை என் மூக்குல சாத்திச்சு. அதுக்காக நான் ராத்திரில சோளம் தூவுவேனா? எனக்கு முதுகு வலி. குனிஞ்சு பூட்ஸ் கட்டவே ஆள் வெச்சிருக்கேன்."

"உங்க தீவன வயலை யார் விதைக்கறாங்க?" என்று கேட்டான் ஆர்லிஸ்.

"ஒரு கம்பெனி. மெஷினோட வருவாங்க, போவாங்க. பில் மட்டும் எனக்கு வரும்." ஹாத்தவே கண்ணாடிக் கோப்பையைச் சுழற்றினார். "இன்னொண்ணு. அவங்க வயல் நடுவுல ஒரு கம்பிக் கூண்டு இருக்கே, கவனிச்சீங்களா? அதுலதான் வான்கோழியை உயிரோட பிடிச்சு அடைக்கறாங்களாம். வேலியோரம் நின்னு நானே பார்த்தேன். அதையும் நாளைக்கு விசாரணைல சொல்லப்போறேன்."

ஆர்லிஸ் வாயைத் திறந்தான். நெட்டா அவன் காலை மிதித்தாள்.

"சொல்லுங்க," என்றாள் அவள். "கட்டாயம் சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. நாலு ஜில்லாவுக்குச் சிரிப்பு வேணும்."

வெளியே வந்து காரில் ஏறியதும் அவள் கதவைச் சாத்தியதில் கண்ணாடி அதிர்ந்தது.

"பாஸ், கார் என்ன பண்ணுச்சு பாவம்."

"அவன் இல்ல ஆர்லிஸ்."

"பேச்சுலயே தெரிஞ்சுது. மேலேயும் திறந்து, கதவும் இல்லாத கூண்டுல வான்கோழியை அடைக்கறதாம். அது பறந்து போயி அவனுக்குத் தந்தி அடிக்கும்." ஆர்லிஸ் பெருமூச்சு விட்டான். "ஆனா அவனா இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும். அந்த மூஞ்சியோட ஜெயில் போட்டோவுக்கு நானே ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பேன்."

"அதான் எனக்கும் எரிச்சல். அவனா இருந்தா லியோனாவுக்கு ஒரு எதிரி. அவ்வளவுதான்." நெட்டா ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தாள். "கூண்டு எதுக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"மேயாம விட்டா புல் எவ்வளவு வளரும்னு பாக்கறதுக்கு. உள்ள உயரம், வெளிய குட்டை. ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் மானோட வயித்துல. கறிக்கடைக்காரனுக்கும் தெரியும் பாஸ்."

"அளந்து பார்த்ததும் என்ன பண்ணுவாங்க?"

"தூக்கி வேற இடத்துல வெப்பாங்க. மேய்ஞ்ச இடத்துல. அப்பதான் திரும்பப் புதுசா..." ஆர்லிஸ் நிறுத்தினான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. "ஐயோ பாஸ்."

நெட்டா வண்டியைக் கிளப்பினாள்.

* * *

லியோனாவின் வீட்டுச் சமையலறையில் நெய் மணம். வெர்ன் அடுப்படியில் நின்று, காட்டில் பொறுக்கி வந்த மோரல் காளான்களை மாவில் புரட்டி வாணலியில் போட்டுக்கொண்டிருந்தான். மேஜையில் அக்காவின் தட்டிலிருந்த கறியைச் சின்னச் சின்னத் துண்டாக அவனே வெட்டி வைத்திருந்தான். ஒற்றைக் கையால் அவளால் வெட்ட முடியாதே. அவளுடைய ரொட்டிக்கு வெண்ணெயும் தடவியிருந்தான்.

நெட்டா அந்தத் தட்டைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"வாங்க மேடம். அவன் மாட்டினானா?" என்றான் வெர்ன் திரும்பாமலே.

"போன் பண்ணினது அவர்தான்."

"நான் சொன்னேன்ல. சொன்னேன்லக்கா?"

லியோனா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "நாளைக்கு அவன் முன்னாடி நான் நிக்கணுமா? நின்னு, நான் திருடி இல்லன்னு சொல்லணுமா? நெட்டா, எங்கப்பாவை நீங்க பிடிச்சப்போ அவர் செஞ்சது நிஜம். அவரே ஒத்துக்கிட்டார். அன்னிலேர்ந்து இந்த வீட்டுல ஒரு மணி சோளம் காட்டுக்குப் போனதில்ல. வெறும் விதை, சுண்ணாம்பு, வேர்வை. இவன்கிட்டயே கேளுங்க."

"கேக்கறேன்," என்றாள் நெட்டா. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "வெர்ன், ஹாத்தவேயை மடக்க எனக்கு ஒரு சின்ன விவரம் வேணும். நீங்க இந்த வயல்லயே வளர்ந்தவரு. உங்க கூண்டுக்குள்ள க்ளோவர் இப்ப எவ்வளவு உயரம் இருக்கும்?"

"இப்ப என்ன பெருசா இருக்கும்? வெளிய இருக்கற உயரம்தான்." வெர்ன் காளானைத் திருப்பிப் போட்டான். "இன்னும் ரெண்டு வாரம் போனாதான் வித்தியாசம் தெரியும்."

லியோனா சிரித்தாள். அன்று முதல்முறையாக.

"என்னடா உளர்றே? மார்ச் தொடக்கத்துல நான் வெச்ச கூண்டு. அளந்துட்டு நானே மாத்தி வெச்சேன். இப்ப முழங்கால் வரைக்கும் வந்திருக்கணும்."

வாணலியில் நெய் சடசடத்தது. ஒரு காளான் கருகத் தொடங்கியது. வெர்ன் அதை எடுக்கவில்லை.

லியோனாவின் சிரிப்பு அவள் முகத்திலேயே மறந்துபோய் நின்றது.

"வந்திருக்கு," என்றாள் நெட்டா. "நீங்க வெச்ச இடத்துல, வட்டமா, முழங்கால்கிட்ட வளர்ந்து நிக்குது. அதுக்கடியில தேடிப் பார்த்தேன். வாரக் கணக்கா யாராவது சோளம் இறைச்சிருந்தா, மேல திறந்த கூண்டுக்குள்ளயும் விழுந்திருக்கும். தின்ன ஆள் இல்லாம முளைச்சு நின்னிருக்கும். ஒண்ணு கூட இல்ல. ஆனா கூண்டு இப்ப அங்க இல்ல. தள்ளிப்போய், மேய்ஞ்ச இடத்துல இருக்கு. அதோட கம்பிக்கு அடியில சோளம் நசுங்கிக் கிடக்கு. சோளத்தை இறைச்சவன்தான், இறைச்ச கையோட கூண்டைத் தூக்கி மாத்தி வெச்சிருக்கான்."

"நான் வெக்கல," என்றாள் லியோனா. சொல்லும்போதே அவள் குரல் மெலிந்தது.

"உங்களால முடியாது. சோளம் இறைக்க ஒரு கை போதும். அந்தக் கூண்டைத் தூக்க ரெண்டு வேணும். ஹாத்தவேக்கு அது கூண்டா, கோழிப் பட்டியான்னே தெரியாது. வேற எவன் வந்திருந்தாலும், சோளத்தைக் கொட்டிட்டு ஓடியிருப்பான். இவன் ஓடல. புல் வளர்ந்திருக்கு, அளக்கணும், கூண்டை மாத்தணும்னு இவன் கைக்குத் தோணியிருக்கு. பாழாக்க வந்தவன், வயல் வேலையையும் முடிச்சுட்டுப் போயிருக்கான். கூண்டுக்குள்ள இப்ப புல் குட்டைன்னு அவனுக்கு மட்டும்தான் தெரியும்."

ஆர்லிஸ் எழுந்துபோய் அடுப்பை அணைத்தான்.

"வெர்ன்," என்றாள் லியோனா. "திரும்பு."

அவன் திரும்பினான். கையில் கரண்டி.

"கூண்டை மாத்தி வெச்சியா?"

"எனக்கே ஞாபகம் இல்லக்கா," என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்தது பொய்யல்ல, திகைப்பு. "சத்தியமா. சோளம் போட்டது ஞாபகம் இருக்கு. சீசனுக்கு முந்தின நாள் மத்தியானம், காத்து இல்ல. போட்டுட்டு நேரா வந்துட்டேன்னுதான் நினைச்சேன். அவங்க உயரம் எவ்வளவுன்னு கேட்டதும், மாத்தி வெச்சது மட்டும் எப்படியோ வாயில வந்துடுச்சு."

லியோனா எழுந்தாள். நாற்காலி பின்னால் விழுந்தது.

"சோளம் போட்டது ஞாபகம் இருக்கு. அதைச் சொல்றான். என் சமையல்கட்டுல நின்னு சொல்றான்."

"பின்ன என்ன பண்ணச் சொல்றே?" வெர்னின் குரலும் ஏறியது. "எத்தனை தடவை கேட்டேன். வித்துடலாம்க்கா, வித்துடலாம்க்கான்னு. பனில விதை, வெயில்ல உழவு, மழையில வேலி. எல்லாம் யாருக்கு? மான் வருது, தின்னுது, போகுது. வான்கோழி வருது, தின்னுது, போகுது. என் முட்டி ரெண்டும் தேய்ஞ்சு போச்சு. பாதி நிலம் என்னுது. என் பாதியை எடுத்துட்டுப் போய் எங்கயாவது உட்காரணும்னு கேட்டா, நீ வருஷா வருஷம் புது விதைக்கு மூட்டை வாங்கிட்டு வந்து நிக்கறே."

"வேண்டாம்னு சொன்னேன். அதுக்கு எனக்கு உரிமை இருக்கு."

"அப்ப எனக்கு? லைசென்ஸ் போனா நீயே வித்துடுவே. அவ்வளவுதான் நினைச்சேன். ஜெயிலா போகப்போறே? ஒரு காகிதம் போகும்."

"ஒரு காகிதமா?" லியோனா மேஜையை ஓங்கி அறைந்தாள். தட்டிலிருந்த ரொட்டி தரையில் விழுந்தது. "அந்த டாக்டர் முன்னாடி என்னைத் திருடி மாதிரி எழுப்பி நிக்க வெச்சாங்க. துப்பாக்கியைப் பிடுங்கினாங்க. நான் ‘தெரியாது, தெரியாது’ன்னு கத்தறேன். எவனும் நம்பல. வீட்டுக்கு வந்து யார் தோள்ல சாய்ஞ்சு அழுதேன்? சொல்லு. யார் தோள்ல?"

வெர்ன் தரையைப் பார்த்தான்.

"ஹாத்தவேகிட்ட சொன்ன அந்த நல்ல மனுஷனும் நீங்கதானே?" என்றாள் நெட்டா.

அவன் ஆமென்று தலையசைத்தான். பிறகு நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். அவன் குரல் இறங்கி, குழந்தையிடம் பேசுவது போலக் குழைந்தது.

"சரி, தப்புதான். ஆனா நாளைக்கு நீ என் பேரைச் சொல்ல மாட்டே. எனக்குத் தெரியும். வேணும்னே அதிகாரியை ஏமாத்தினதுக்கு என்னை உள்ள வெச்சுடுவாங்க. லைசென்ஸ் இல்லாட்டி என்னக்கா, நான் பாத்துக்கறேன். இவ்வளவு நாளும் நான்தானே பாத்துக்கறேன்."

நெட்டாவின் வேலை செய்தது யார் என்று காட்டுவது. காட்டியாகிவிட்டது. ஓவர்பியின் எண்ணை அழுத்தி, போனை மேஜையின் நடுவில் வைத்தாள். மணி அடிக்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"இது உங்க முடிவு, லியோனா. கட் பண்ணணும்னா கட் பண்ணுங்க. அப்படிப் பண்ணினா நாளைக்கு நான் வர மாட்டேன். பொய்க்குப் பக்கத்துல உட்கார எனக்குப் பொறுமை இல்ல."

லியோனா போனைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். வெர்ன் கையை நீட்டினான். போனுக்காகவா, அவள் கைக்காகவா என்று ஆர்லிஸுக்குப் புரியவில்லை.

"கையை எடு," என்றாள் அவள்.

"ஹலோ, மேடம்?" என்றது போன். ஓவர்பியின் குரல். "அந்தச் சோளத்தை யோசிச்சுட்டே இருக்கேன். அந்தக் கூண்டை யாரு..."

"பேசு," என்றாள் லியோனா வெர்னிடம். "உன் வாயால. எல்லாத்தையும். பிப்ரவரிக்கு அப்புறம் வயலுக்கே போகலன்னு சொன்ன பொய்யிலேர்ந்து."

வெர்ன் உதட்டை நக்கினான். கதவைப் பார்த்தான். ஆர்லிஸ் அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்; வழக்கமாக மூடாத வாயை இறுக மூடிக்கொண்டு.

வெர்ன் பேசினான். முதலில் மென்று விழுங்கினான். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. சோளம் வாங்கிய ஊர், இறைத்த நேரம், ஹாத்தவேயிடம் சொன்ன வார்த்தை. ஓவர்பி எழுதிக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. லியோனா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றாள். அவள் முதுகு விறைத்திருந்தது.

முடிந்ததும் ஓவர்பி தொண்டையைச் செருமினான்.

"நாளைக்கு விசாரணை லியோனா மேல இல்ல. அதை இப்பவே சொல்லிடறேன். லைசென்ஸ் அவங்ககிட்டயே இருக்கும். வயல்ல நாடாவை நானே வந்து அவுக்கறேன்." கொஞ்சம் தயங்கினான். "வெர்ன், நான் வண்டி எடுத்துட்டு வரேன். எங்கயும் போகாதீங்க. உங்ககூட இப்ப யாராவது இருக்காங்களா? அக்கா பக்கத்துல இருக்காங்களா?"

வெர்ன் அவளைப் பார்த்தான்.

லியோனா ஜன்னலிலிருந்து திரும்பி வந்தாள். போனை எடுத்து வாய்க்கு அருகில் வைத்தாள்.

"இல்ல," என்றாள். "அவனுக்கு அக்கா யாரும் இல்ல."